லிஸ்டில் ஒன்பது ஐட்டம்

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் ஒரு விசித்திரமான காகிதம் சார். அது கைக்கு வரும்வரை நீங்கள் ஊரில் குடியிருப்பவர். வந்த மறுநிமிஷம் டூரிஸ்ட்!

எனக்குப் புனே போட்டார்கள். ரிலீவ் ஆகப் பன்னிரண்டு நாள். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மதுரையில் பார்க்க என்ன பாக்கி இருக்கும் என்கிறீர்களா? நிறைய. உள்ளூர்க்காரன் எவனாவது திருமலை நாயக்கர் மகாலுக்குத் தானாக டிக்கெட் வாங்கிப் போயிருக்கிறானா, கேட்டுப் பாருங்கள். ஸ்கூலில் வரிசையாகக் கூட்டிப் போனதோடு சரி. வெளியூரிலிருந்து சித்தப்பா வந்தால்கூட வாசலில் இறக்கிவிட்டு, 'நீங்க பாத்துட்டு வாங்க, நான் டீக்கடையில நிக்கிறேன்' என்பான்.

ஆபீஸ் பழக்கத்தில் லிஸ்ட் போட்டேன். சீரியல் நம்பர், இடம், ரிமார்க்ஸ் என்று மூன்று காலம். மொத்தம் ஒன்பது ஐட்டம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு சுற்றுவதாகத் திட்டம். அதில் ஓர் உள்நோக்கமும் உண்டு. அப்பா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். புனேவுக்கு வாம்மா என்றால், 'பாப்பம்டா' என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். ஊர் சுற்றுகிற சாக்கில் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று கணக்கு.

முதல் ஐட்டம் மகால். 1636ல் கட்டியது. இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான் என்கிறார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர், தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப் போய்விட்டாராம். பாயிண்ட் கிடைத்துவிட்டது!

"பாத்தியாம்மா, ஊர் மாறுனப்ப அரண்மனையவே பேக் பண்ணிட்டாரு. நமக்கு ஒரு கிரைண்டரு, ரெண்டு பீரோ. அவ்வளவுதான?"

அம்மா அந்தப் பெரிய தூணைத் தடவிப் பார்த்தாள். "அம்புட்டுப் பெரிய ராசா தூக்கிட்டுப் போயும், இம்புட்டு இங்கதானடா நிக்குது" என்றாள்.

மறுநாள் ஆயிரங்கால் மண்டபம். பெயர்தான் ஆயிரம், தூண்கள் 985. ஆபீஸாக இருந்தால் பதினைந்து தூணுக்கு மெமோ வந்திருக்கும். இங்கே அந்த இடத்தில் நடராஜர் சந்நிதி. யார் ஆடிட் அப்ஜெக்‌ஷன் எழுதுவது? வெளியே வந்தால் பூக்கார அம்மாள், "என்னக்கா, ரெண்டு நாளா ஆளக் காணோம்? முட்டி வலியா?" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஆறடி உயரத்துக்கு நான் நிற்பது அவர் கண்ணில் படவே இல்லை. 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, அம்மாவுக்கு மட்டும் ஒரு முழம் எக்ஸ்ட்ரா.

அடுத்தது காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959ல் திறந்தது. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் தங்கியபோதுதான் காந்தி முழு உடுப்பை விட்டு அரையாடைக்கு மாறினார். மதுரைக்கு வந்து லக்கேஜைக் குறைத்துக்கொண்டு போன மனிதர்! இதையும் ஒரு பாயிண்டாக அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த துணிக்கு முன்னால் அம்மா கைகூப்பி நின்றிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். அம்மாவுக்கு சுகர், அதனால் என் கிளாஸிலிருந்து ரெண்டே ஸ்பூன். ராத்திரி கறிதோசை. இப்படியே ஏழு ஐட்டம் டிக் ஆனது.

எட்டாவது ஐட்டம் அம்மா சேர்த்தது. எங்கள் தெருமுனைப் பருத்திப்பால் வண்டி.

"அதான் தினம் பாக்கிறோமே?"

"நீ பாக்கிற. நிக்கிறியா?"

நின்றோம். வண்டிக்காரர் எனக்கு முழு டம்ளர் ஊற்றினார். அம்மாவுக்குக் கேட்காமலே கால் டம்ளர். "அம்மாவுக்கு இம்புட்டுத்தேன். போன மாசம் மாதிரி ஆயிரக் கூடாதுல்ல?" என்றார்.

போன மாசம் என்ன?

சுகர் இறங்கி அம்மா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாளாம். இவர்தான் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வண்டியைப் பார்த்துக்கொண்டது எதிர் அயர்ன் கடைக்காரர். சாயங்காலம் சாப்பாடு கொடுத்தது மாடி வீட்டு அக்கா. தெருவே சேர்ந்து செய்திருக்கிறது. தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

"ஏம்மா சொல்லல?"

"நீ ஆடிட்டுன்னு கோயமுத்தூர் போயிருந்த. எல்லாரும் இருந்தாங்கள்ல, அதான்."

ஒன்பதாவது தெப்பக்குளம். மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் என்றும், அப்போது கிடைத்தவர்தான் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். படிக்கட்டில் உட்கார்ந்தோம். நல்ல காற்று. கடைசி சான்ஸ். புனே பேச்சை எடுக்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"ஏண்டா, அங்க உனக்கு ஒரு மயக்கம் கியக்கம்னா யாரு இருக்கா?"

பன்னிரண்டு நாளாக நான் அம்மாவைக் கேட்க நினைத்திருந்த கேள்வி, வார்த்தை மாறாமல் என்னைப் பார்த்து வந்தது. இப்போது யாரை யார் தனியாக விட்டுவிட்டுப் போகிறார்கள் சார்?

நான் கேட்கவில்லை. அம்மா மதுரையில்தான் இருக்கிறாள்.

புனே வந்து ஏழு மாதம் ஆகிறது. முதல் வாரமே புது லிஸ்ட் போட்டேன். அதில் கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை. டீக்கடைக்காரர், வாட்ச்மேன், எதிர் ஃபிளாட் பெரியவர். மூன்றே ஐட்டம். இங்கே டீக்கடைக்கு 'அம்ருத்துல்யா' என்று பெயர். போர்டு பிரமாதமாக இருக்கும். என் ஹிந்தியைக் கேட்டு அந்த மனிதர் ஆறு மாதம் மிரண்டுபோயிருந்தார். நேற்று நான் வாயைத் திறக்கும் முன்பே, சர்க்கரை கம்மியாக ஒரு கிளாஸை நகர்த்தி வைத்தார்.

ராத்திரி போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பாடா, ஒருத்தராச்சு" என்றாள்.

முதல் ஐட்டத்தை டிக் பண்ணிவிட்டேன். ரிமார்க்ஸ்: இன்னும் இரண்டு பாக்கி.