புரட்டாசி உத்திரட்டாதியும் ஒரு கேசரியும்



போன வாரம் மகள் போட்ட போட்டோவைப் பார்த்து நிறையப் பேர் விசாரித்தீர்கள். "டீச்சர், உங்க பிறந்தநாள் ஜூன்லதானே? அப்பவே வாழ்த்து சொன்னோமே!" என்று பழைய மாணவர்கள் கேட்டார்கள். "சார் போய் ஒன்றரை வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள கேக் வெட்டணுமா?" என்று உறவில் ஒருவர் கேட்டார். தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு பெர்த்திலிருந்து அடிலெய்டுக்கு வேலை மாற்றல். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, நாங்கள் நான்கு பேரும் காருக்குப் பின்னால் ஒரு கேரவனை மாட்டிக்கொண்டு ரோடு வழியாகவே கிளம்பினோம். சுமார் 2,700 கிலோமீட்டர், பத்து நாள் பயணம். கேரவன் என்றால் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் தெரியும். இங்கே அது சக்கரம் வைத்த குட்டி வீடு. கேஸ் அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. பொழுது சாய்வதற்குள் எங்காவது நிறுத்திவிட வேண்டும். இருட்டினால் கங்காருக்கள் ரோட்டில் குதிக்கும்.

நடுவில் நல்லர்போர் சமவெளி. லத்தீனில் 'மரமே இல்லாதது' என்று பொருள். அங்கே 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. திருச்சியில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மதுரை தாண்டும்வரை திருப்ப வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1841இல் எட்வர்ட் அயர் என்ற ஆங்கிலேயர் இந்தக் கடலோரத்தை நடந்தே கடந்தார். கடைசிவரை கூட நடந்தது வைலி என்ற பூர்வகுடி இளைஞர். ரோட்டுக்கு அயர் பெயரை வைத்திருக்கிறார்கள். வைலியை நான்தான் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த நேர் ரோட்டில் அலுத்துப்போய்த்தான் பேத்தி கேட்டாள், "அம்மாச்சி, உன் பர்த்டே எப்போ?"

கதையைச் சொன்னேன். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தொட்டுவிட்டேன். ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கு வருமாறு ஒரு ஜூன் தேதியை அவரே எழுதிக்கொண்டார். சர்வீஸ் புக், பென்ஷன், பாஸ்போர்ட், பேஸ்புக் எல்லாவற்றிலும் அதுதான். அம்மா பெற்றது புரட்டாசி உத்திரட்டாதியில். மூன்றரை மாதம் முன்னாலேயே என்னைப் பிறக்க வைத்துவிட்டார்கள்.

அன்று யூக்ளா என்ற ஊரில் தங்கினோம். அந்தப் பகுதிக்கு மட்டும் தனி நேரம், பெர்த்தைவிட 45 நிமிஷம் கூடுதல். "இந்த ஊரும் உன்னை மாதிரிதான் அம்மாச்சி" என்று சிரித்தவள், போனில் பஞ்சாங்கத்தைத் தேடி, இன்னும் நாலு நாளில் உத்திரட்டாதி என்று கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் ஹெட் ஆஃப் பைட்டில் திமிங்கிலங்களைப் பார்த்தோம். அண்டார்டிகா பக்கத்துக் குளிர்க்கடலிலிருந்து குட்டி போட இங்கே வருகின்றன. பால் கொடுக்கும் மாதங்களில் தாய்க்கு அநேகமாகப் பட்டினிதான். ஒரு தாயும் குட்டியும் கரையோரம் அசையாமல் கிடந்ததை நானும் மகளும் ஒரு மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செடூனாவில் சோதனைச்சாவடி. பழ ஈ வரக்கூடாது என்று தக்காளி, மிளகாய், எலுமிச்சை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். புரட்டாசியில் கவுச்சியும் கிடையாது. மிச்சம் இருந்தது ரவை, சர்க்கரை, நெய், முந்திரி.

கிம்பா என்ற கோதுமை ஊரில் அந்த நாள் வந்தது. கடைக் கேக்கில் முட்டை இருக்கும் என்று மகள் கேசரி கிண்டி, டிபன் டப்பாவில் அமுக்கித் தட்டில் கவிழ்த்தாள். நீங்கள் பார்த்த 'கேக்' அதுதான். பக்கத்துக் கேரவனில் 72 வயது அம்மா ஒருவர், நாயோடு தனியாகவே ஊர் சுற்றுகிறார். வேலை ஓய்ந்தபின் இப்படிச் சுற்றுபவர்களை 'கிரே நோமட்ஸ்' என்கிறார்கள். மெழுகுவர்த்தி அவர் கொடுத்தது. கணவர் இறந்து நாலு வருஷமாம். அவர் தொப்பி இன்னும் முன் சீட்டில் இருக்கிறது.

இனி உறவுகளுக்கு. சார் ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கத்தில் அந்த நாளைப் பென்சிலால் வட்டம் போடுவார். காலையில் அர்ச்சனை, சாயங்காலம் இரண்டு முழம் மல்லிகை. என் நட்சத்திரத்தை ஞாபகம் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். போன வருஷம் அந்த நாள் வந்து போனது எனக்கே தெரியவில்லை. இந்த வருஷம் அவர் போட்ட வட்டத்தைப் பேத்தி போட்டிருக்கிறாள். அதை வேண்டாம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை, தள்ளவும் மாட்டேன். போட்டோவில் பொட்டையும் கவனித்திருப்பீர்கள். "பொட்டை மட்டும் எடுத்துடாதே" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துச் சொன்னது சார்தான். இதற்கு மேல் நான் யாருக்கும் விளக்கம் சொல்லப்போவதில்லை.

மாணவர்களுக்கு ஒன்று. நானும் 34 வருஷம் அட்மிஷன் போட்டவள். தேதி கேட்டால் உங்கள் அம்மாக்கள் "அய்யனார் கோயில் திருவிழா முடிஞ்ச மறுவாரம்", "பெரிய புயல் அடிச்சப்ப வயித்துல" என்பார்கள். ரெஜிஸ்டரில் அதற்கு இடமில்லை. அவற்றைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நவம்பரில் ஊருக்கு வந்துவிடுவேன். நிஜப் பிறந்தநாள் தெரிய வேண்டியவர்கள் வீட்டுக்கு வாருங்கள், தேடித் தருகிறேன். அம்மா இன்னும் இருப்பவர்கள் முதலில் அவர்களிடம் கேளுங்கள். அப்படியே அவர்களுடைய நட்சத்திரத்தையும் கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்