மணிக் கணக்கும் மண் பதமும்

சித்திரை வெயிலில் காய்ந்த ஏரிக் களிமண்ணில் ஜேசிபியின் பல் பட்டால், கல்லைக் கீறுகிற சத்தம்தான் வரும். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பக்கம் புதிதாக வண்டி ஏறுகிற பையன்கள் இங்கேதான் திணறுவார்கள். பக்கெட்டைச் செங்குத்தாகக் குத்தி ஒரே இழுப்பில் நிறைக்கப் பார்ப்பார்கள். மண் அசையாது, வண்டியின் பின்பக்கம்தான் மேலே எழும்பும்.

பழகிய ஆபரேட்டர் பல்லைச் சாய்வாக நுழைத்து, வண்டியின் கையை உள்ளே இழுத்தபடியே பக்கெட்டைச் சுருட்டுவார். சுரைக்காய்த் தோல் சீவுகிற மாதிரி நாலு விரல் கனத்துக்கு மண் பெயர்ந்து வரும். குறுகிய பக்கெட்டை மாட்டினால் அதே பலம் சிறிய இடத்தில் இறங்கும், இன்னும் சுளுவு.

மழைக்குப் பின் அதே மண் தண்ணீர் குடித்து உப்பிவிடும். பக்கெட்டில் அப்பிக்கொண்டு, கவிழ்த்தாலும் விழாது. இரண்டுக்கும் நடுவில், பிடித்தால் உருண்டையாகித் தட்டினால் உதிர்கிற பதம் கொஞ்ச நாள்தான். அதற்கு யார் காத்திருக்கிறார்கள்? வாடகை மணிக் கணக்கில் ஓடுகிறது.

2017 மார்ச்சில், ஏரிகளைத் தூர்வாரிச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தை இதே மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான் 100 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கினார்கள். விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுக்கவும் அரசு வழிசெய்தது. நல்ல காரியம்தான். மண் இலவசம், வண்டி வாடகை இலவசமில்லை.

எனக்கு உறுத்துவது அங்கேதான். காய்ந்த மேல் ஓட்டைப் பரப்பாகச் சீவ நேரம் பிடிக்கும். ஓரிடத்தில் உடைத்துவிட்டால் கீழே ஈரம் இருக்கும்; பல் தடையில்லாமல் இறங்கும், டிப்பர் சீக்கிரம் நிறையும். ஆகவே அங்கேயே தோண்டிக்கொண்டு போகிறார்கள். ஏரி முழுக்க ஓரடி குறைய வேண்டிய மண், ஒரு மூலையில் கிணறு மாதிரிப் பள்ளமாகிறது. மடை மட்டத்துக்குக் கீழே தேங்கிய தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. களி அடுக்கைத் தாண்டி மணலைத் தொட்டுவிட்டாலோ, தேங்கிய தண்ணீரும் உள்ளே இறங்கிவிடும். அந்தப் பள்ளத்தில் இறங்கிய மாடு கரையேறுவதும் கஷ்டம்.

இதற்கு ஓட்டுபவரை ஏசிப் பயனில்லை. ஏரிக்கரையில் ஒருவரிடம் கேட்டேன். “மெதுவாச் சீவினா வண்டி தூங்குதுங்கறாங்க, ஆழமா எடுத்தா ஏரி போச்சுங்கறாங்க. நாலு இடத்துல குச்சி நட்டு, இதுவரைக்கும்னு கோடு போட்டுக் குடுங்க சார். அதுக்குக் கீழ என் பல்லு இறங்காது. அப்படியே வாடகையையும் பரப்புக் கணக்கா பேசிக் குடுங்க” என்றார்.