செம்மண் ஊரில் ஆர்க்கிட் காவல்

காரைக்குடி வெயிலுக்கும் ஆர்க்கிட்டுக்கும் ஆகவே ஆகாது. ஏற்காட்டில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மத்திய அரசின் தாவரவியல் துறை தேசிய ஆர்க்கிட் தோட்டம் வைத்திருக்கிறது. அங்கே மலைக்காற்றும் பனிமூட்டமும் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இங்கே பங்குனி பிறந்தால் செம்மண் தரையில் கால் வைக்க முடியாது. இந்த ஊரில் ஆர்க்கிட் வளர்ப்பதென்றால் ஈரத்தை ஆள்தான் உண்டாக்க வேண்டும். அந்த ஈரத்துக்கு முதல் ஆளாக வந்து சேர்வது நத்தை.

ஊருக்கு வெளியே, குன்றக்குடிப் பக்கம், ஓர் ஆச்சி நிழல்வலைக் குடில் போட்டு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வளர்க்கிறார். பெரும்பாலும் ஊதாவும் வெள்ளையுமான 'சோனியா' ரகம். கல்யாண மேடைகளுக்கும், ஹோட்டலாக மாறிவிட்ட செட்டிநாட்டு வீடுகளுக்கும் பூ போகிறது. பூவைப் பகலில் பார்க்கலாம், பூச்சியைப் பார்க்க இருட்டிய பிறகு வாங்க என்று ஆச்சி சொல்லியிருந்தார். ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். குடிலைக் கவனித்துக்கொள்ளும் அக்கா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு எனக்கும் ஒன்று கொடுத்தார். முன்பு மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு பறித்தவர். இருட்டில் வேலை பார்ப்பது அவருக்குப் புதிதில்லை.

ஆர்க்கிட் தொட்டியில் மண் கிடையாது. கரி, செங்கல் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு, அவ்வளவுதான். நீர் வடியவும் வேருக்குக் காற்றுப் படவும் செய்த அந்த ஏற்பாடே நத்தைக்கு வசதியான குடித்தனமாகிவிடுகிறது. அக்கா ஒரு தொட்டியைச் சாய்த்து அடியைக் காட்டினார். வடிகால் துளையை ஒட்டிக் கட்டைவிரல் பருமனில் கறுப்பாக ஒன்று சுருண்டிருந்தது. ஓடில்லாத நத்தை. பக்கத்துத் தொட்டியின் விளிம்பில் பிசின் போல ஒரு கோடு, விளக்கு பட்டதும் மின்னியது. அந்தக் கோடு போய் முடிந்த இடத்தில் ஒரு வேர். வெள்ளை வேரின் நுனியில் இருக்க வேண்டிய பச்சை முனையைக் காணோம்.

"பூவக் கடிச்சா ஒரு பூவோட போச்சு தம்பி. வேர்நுனியக் கடிச்சா அந்த வேர் அதோட நின்னுரும்" என்றார்.

இடுக்கியால் எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போட்டார். கையால் தொடுவதில்லை. சில நத்தைகளின் உடம்பில் எலியின் நுரையீரல் புழு தங்கியிருக்கும். அது மனிதருக்குள் போனால் மூளைச் சவ்வு வரை பாதிக்கும். உப்பு வாளியோடு சரி, தொட்டி ஓரத்தில் தூவக் கூடாது. நத்தை சாகும், ஆர்க்கிட் வேரும் கருகும். பொறிக்கு ஈரச் சாக்கும், கொட்டாங்கச்சியில் புளித்த தோசை மாவும். புளித்த வாடை நத்தையை நன்றாகவே இழுக்கிறது. அன்று இரண்டு கொட்டாங்கச்சிகள் நிறைந்திருந்தன. மேசைக் கால்களில், உடைந்த செப்புக் குடத்திலிருந்து வெட்டிய தகட்டைச் சுற்றியிருந்தார்கள். செம்பின் மேல் ஊர நத்தைக்குப் பிடிக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழம்பொருள் என்று விலை பேசியிருப்பார்கள் அந்தக் குடத்துக்கு!

ஓடுள்ள பெரிய ஆப்பிரிக்க நத்தை இந்தக் குடிலுக்கு இன்னும் வரவில்லை. 1847-இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்ட நத்தை அது. இன்று கேரளத் தோட்டங்களை வதைக்கிறது. மனிதன் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த செடிக்குப் பின்னால் மனிதன் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த நத்தை. யாரைக் குறை சொல்வது?

பகலில் வேறு கணக்கு. சித்திரை வெயிலில் செம்பேன் வரும் என்றார் அக்கா. இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியது போலாகும். சந்தேகம் வந்தால் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார், செங்கோடு விழுந்தால் பேன். அதற்கு முதல் வைத்தியம் விடியற்காலையில் இலைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சுவது. பூவுக்குள் புகும் இலைப்பேனுக்கு விளக்கெண்ணெய் தடவிய நீல அட்டைகள் தொங்கின.

பெரிய தலைவலி மாவுப்பூச்சி. டென்ட்ரோபியம் தண்டைச் சுற்றிக் காய்ந்த காகிதம் போல ஓர் உறை இருக்கும். அக்கா நகத்தால் அதை உரித்தார். உள்ளே பஞ்சுப் பொட்டுகளாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் தண்ணீர் ஒட்டாது. கொஞ்சமாக இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. பரவிவிட்டால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும், வெயில் தாழ்ந்த பிறகு. முட்டைக்கு மருந்து எட்டாது என்பதால் பத்து நாள் விட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். எறும்பையும் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது.

உறைக்குள் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாக, பஞ்சு கலைந்து, வேகமாக ஓடியது. நசுக்கப் போனேன்.

"அத விடுங்க, நம்ம ஆளு!"

கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், தின்பது மாவுப்பூச்சியை. 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியக் காபித் தோட்டங்களுக்காக வரவழைத்த வண்டு. பூச்சியைப் பூச்சியால் அடக்கும் இந்த வழி பலித்ததற்கு நம் காலத்துச் சான்று பப்பாளி மாவுப்பூச்சி. 2008-இல் கோவைப் பக்கம் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அழித்துக்கொண்டே போனது. 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதனால்தான் கண்டபடி மருந்தடிப்பதில் அக்காவுக்கு விருப்பமில்லை. நம்ம ஆளும் சேர்ந்து செத்துவிடும்.

நத்தைக்கு மெட்டால்டிஹைடு குருணை வாங்கி வைத்திருக்கிறார் ஆச்சி. பாக்கெட் பிரிக்கப்படவே இல்லை. குடிலுக்குள் நாய் படுக்கிறது. அந்தக் குருணையை நாய் தின்றால் பிழைப்பது கஷ்டம். அதற்குப் பதிலாக அக்கா தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாற்றிவிட்டார். சாயங்காலம் ஊற்றுவதை நிறுத்திக் காலை ஏழுக்குள் முடிக்கிறார். பொழுது சாயும்போது மேசையும் தரையும் காய்ந்திருந்தால் நத்தைக்கு நடமாட வழியில்லை. என் கணக்கில் அந்தக் குடிலில் அடித்த பெரிய பூச்சி மருந்து இதுதான். மழைக்காலத்தில் மட்டும் இது பலிக்காது. அப்போது ராத்திரி வேட்டை. அந்த வேட்டைக்குத் தனிக் கூலி கிடையாது, மறுநாள் அரைநாள் விடுப்பு உண்டு. அது போதாது என்று ஆச்சியிடமே சொன்னேன். "பாக்குறேன்" என்றார்.

மறுநாள் பெங்களூரிலிருந்து புதுச் செடிகள் பெட்டியில் வந்து இறங்கின. ஒரு மாதம் மற்றவற்றோடு சேர்க்க மாட்டார்கள். அக்கா ஒவ்வொரு தொட்டியையும் தண்ணீர் வாளியில் விளிம்பு வரை அமுக்கி வைத்தார். ஒளிந்திருப்பவை மூச்சுக்கு மேலே வரும். முதல் தொட்டியிலேயே மிளகளவில் நாலு நத்தைகள் கரித்துண்டின் மேல் ஏறி நின்றன.

"எந்த ஊர்க்காரவுகளோ, டிக்கெட் இல்லாம வந்துருக்காக" என்று இடுக்கியை எடுத்தார்.