பழைய எஞ்சினும் புதிய தலையும்

பழம்பொருளைப் போற்றுதல் என்பது யாது? அதனைத் தொடாது வைத்திருத்தலா, அன்றி அது தன் தொழிலைச் செய்யுமாறு காத்தலா? இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியது ஒரு நூலன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்துள்ள ஒரு சிறு பட்டறையே.

பூந்தமல்லியில் வாழும் என் தாய்மாமன், தம் தந்தையார் விட்டுச் சென்ற ஜாகுவார் ‘மார்க் 7’ மோட்டார் வண்டியைக் கண்ணெனப் பேணுபவர். 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான அவ்வகை வண்டியின் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர்கள்; கொள்ளளவு 3,442 கன சென்டிமீட்டர். அதன் உடல் வார்ப்பிரும்பு. மேல்மூடியாகிய சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவை. இவ்விரண்டும் உப்புநீரில் ஒருங்கே நனையுமாயின் அரிபடுவது அலுமினியமே. எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றின் உவர்நீரைப் பல்லாண்டு ரேடியேட்டரில் ஊற்றி வந்தமையால், ஹெட்டின் நீர்வழிகள் கறையான் தின்ற பலகை போலாயின. பற்றவைத்துப் பார்த்தும் பயனில்லை.

பட்டறையின் முதிய மேஸ்திரி, அதே குடும்பத்து எஞ்சினுக்குரிய பிற்கால ‘பி’ வகை ஹெட் ஒன்றை அரிதின் தேடிக் கொணர்ந்தார். அது 1956இல் மார்க் 8 வண்டியுடன் வெளிவந்தது. புகை வெளியேறும் வால்வின் விட்டம் பழையதில் ஏறக்குறைய 36.5 மில்லிமீட்டர், இதில் 41.3. ஆயினும் மாமா இசைந்தாரல்லர். “அப்பா ஓட்டிய வண்டிக்கு வேறொரு தலையா?” என்று வருந்தினார்.

மேஸ்திரியோ ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னார்: “ஐயா, விஜயந்தா டாங்கியின் லேலண்ட் எஞ்சினுக்கும் ஆறு சிலிண்டர்தான், ஆனால் அதற்கு ஹெட்டே கிடையாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து, நெருப்பை நடுவில் அடக்கிக்கொள்ளும். இங்கே ஒரு பக்கத்தை அடைப்பது ஹெட். அடைப்பு ஓட்டையானால் எஞ்சின் ஏது?”

பின்னும் ஒன்று கூறினார். 1948இல் தோன்றிய இவ்வெஞ்சினை 1992 வரை செய்து வந்தார்கள். 1964இல் 4.2 லிட்டராகப் பெருக்கியபோது, அகன்ற சிலிண்டர்களுக்கு இடந்தர அவற்றின் இடைவெளியை மாற்றினர். ஹெட்டின் பழைய இடைவெளியையோ மாற்றவில்லை. ஆகவே மேலும் கீழும் மையங்கள் நேர்ப்படவில்லை. எனினும் எஞ்சின் நன்றாகவே உழைத்தது. “செய்தவர்களே பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்தார்கள்; நமக்கென்ன தயக்கம்?” என்றார். மாமா நெடுநேரம் மௌனமாயிருந்து, பின் தலையசைத்தார்.

விடுமுறையாதலின் வேலை முழுவதையும் அருகிருந்து கண்டேன். புதிய ஹெட்டை அவர் முகங்கவிழத் தரையில் வைக்கவில்லை. திறந்த வால்வுகள் கீழே நீண்டு வளைந்துவிடும் என்று மரக்கட்டைகளின்மேல் தாங்கினார். காஸ்கட்டை மேலும் கீழும் வைத்து, நீர்த்துளை ஒவ்வொன்றும் பொருந்துவதை நோக்கினார். அழுத்த விகிதத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது பிஸ்டனின் முகட்டு வடிவமாதலால், வேகத்தை நாடாது பழைய பிஸ்டன்களையே விட்டுவிட்டார். இரண்டு கேம் ஷாஃப்டுகளில் ஒன்றை மட்டும் சுழற்ற நான் கைநீட்டியபோது, “வேண்டாம் தம்பி! வால்வோடு வால்வு மோதும்” என்று தடுத்தார். பெரிய நட்டுகள் பதினான்கையும் நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக இறுக்கினார். ஒரேயடியாய் இறுக்கின் ஹெட் கோணுமன்றோ?

எஞ்சின் உயிர்பெற்றபோது மாமா ஒன்றும் பேசாது, முன்மூடியின்மீது கைவைத்தபடி நின்றார். பழைய ஹெட்டை எறிய ஒருவரும் நினைக்கவில்லை. அதனை எண்ணெய் தடவிப் பெட்டியிலிட்டு, மாற்றிய நாளும் காரணமும் எழுதிய தாள் ஒன்றையும் உடன் வைத்தோம். இப்போது ரேடியேட்டருக்கு வாலை வடித்த நீரும் அரிப்பைத் தடுக்கும் கரைசலுமே செல்கின்றன.

மாணவ அன்பர்களே, முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவை வண்டிகள் மட்டுமல்ல. மாற்றத் துணியுமுன் அளந்தறிதலும், மாற்றியதை மறையாது எழுதி வைத்தலும், கழற்றியதைக் காத்தலும் நம் கடன். இம்மூன்றும் உளவாயின், மாற்றமும் ஒருவகைப் போற்றுதலே என்பது என் துணிபு.