உள்ளே மைனஸ், வெளியே பிளஸ்

மார்ச் க்ளோசிங், அப்புறம் ஆடிட், அப்புறம் ஆடிட்டர் கேட்டதுக்கெல்லாம் பதில். பேங்க்காரன் பொழப்பு அவ்வளவுதான். நடுவில் ஒரு கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் சின்னதாக ஒரு கொசுவர்த்தி சுத்திக்கறேன். வருஷம் 1986, ஊர் உடுமலைப்பேட்டை. கப்பலில் வேலை பார்த்த மாமா லீவில் வந்தபோது ஒரு சின்ன கலர் டிவியும், கூடவே ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டுவந்தார். சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்த வீட்டுக் கம்ப்யூட்டர். 48 கேபி மாடல் அன்றைக்கு 175 பவுண்டு. சாவிகள் எல்லாம் அழிரப்பர் மாதிரி இருக்கும். மானிட்டர் கிடையாது, டிவிதான். டிஸ்க் கிடையாது, டேப் ரெக்கார்டர்தான். புரோகிராமைக் கேசட்டில் சத்தமாகப் பதிந்து, திரும்ப ஓட விட்டு ஏற்ற வேண்டும்.

எனக்கு 8 வயசு, அண்ணனுக்கு 15. நான் விளையாடுவதோடு சரி. அண்ணன் வேற ரகம். அந்த மெஷினில் நாமே உருவம் கொடுத்துக்கொள்ள 21 எழுத்துக்குத்தான் இடம் உண்டு, ஒவ்வொன்றும் 8க்கு 8 கட்டம். நம்ம தமிழிலோ 247. ஆளு அசரவில்லை. கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, அந்த 21க்குள் எங்கள் வீட்டு ஆட்கள் பெயர் மட்டுமாவது வருகிற மாதிரி செய்தான். டிவியில் அப்பா பெயர் தமிழில் வந்த அன்றைக்குத் தெருவே வந்து பார்த்தது. அந்தப் புரோகிராமை ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டின் பின்பக்கத்தில் பதிந்து வைத்தான்.

அண்ணன் பாலிடெக்னிக் போனான். இப்போது கோயமுத்தூரில் மில் மெஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளை ரிப்பேர் செய்கிறான். நான் பி.காம் முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியாகக் கொல்கத்தா.

கொசுவர்த்தி முடிந்தது. இனி கொஞ்சம் கசப்பு.

2020ல் அப்பா போனார். அடுத்த வருஷம் வீட்டை விற்றோம். பணத்தைப் பிரிக்க நான் ஒரு ஸ்டேட்மென்ட் தயார் செய்தேன். பத்தி பத்தியாக, கூட்டல் பிசகாமல். அதில் ஒரு வரி: 'அப்பா கணக்கிலிருந்து அண்ணன் எடுத்தது'. அதை அவன் பங்கில் கழித்திருந்தேன். கடன்காரனுக்கு அனுப்புகிற மாதிரி மெயிலில் அனுப்பினேன், போன்கூடப் பண்ணவில்லை. 'சரி' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அதோடு பேச்சு நின்றது. அந்தப் பணம் முழுக்க அப்பாவின் கடைசி மூணு மாசத்துக்கு, வீட்டோடு இருந்த நர்ஸுக்கும் ஆக்சிஜனுக்கும் போனது என்று அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

வீட்டைக் காலி செய்தபோது அண்ணன் லாரி பார்சலில் ஓர் அட்டைப்பெட்டி அனுப்பினான். மேலே அவன் கையெழுத்தில் என் விலாசம். நான்கு வருஷம் பிரிக்காமலே பரணில் கிடந்தது. போன மாசம் பொண்ணு எதையோ தேடப் போய் அதை இறக்கிவிட்டாள். உள்ளே ஸ்பெக்ட்ரம், டேப் ரெக்கார்டர், அந்தக் கேசட்.

"இதுல எத்தனை ஜிபிப்பா?"

"48 கேபி."

அவள் போனில் இருக்கிற 3 எம்பி போட்டோ ஒன்றை வைக்கவே இந்த மாதிரி 64 பெட்டி வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சிரித்தாள்.

பெட்டியில் அடாப்டர் இல்லை. ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் என்பது ஞாபகம் இருந்தது. பழைய மோடத்தின் அடாப்டர் ஒன்று கிடந்தது, அதுவும் 9 வோல்ட். பிளக் கச்சிதமாகப் பொருந்தியது. சொருகி சுவிட்சைப் போட்டேன். புகை இல்லை, சத்தம் இல்லை. லேசாகச் சூடான வாசனை, அவ்வளவுதான். டிவியில் ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கழித்து, சனிக்கிழமை லீவில் சாந்தினி சவுக் போனேன். மதன் ஸ்ட்ரீட்டில் சின்னச் சின்ன உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு பெரியவர் கடையில் பெட்டியையும் அடாப்டரையும் வைத்தேன். தாதா பெட்டியைத் தொடவே இல்லை. அடாப்டரைத் திருப்பி, அடியில் இருந்த குட்டிப் படத்தைக் காட்டினார். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஒரு வளையம். புள்ளியில் பிளஸ், வளையத்தில் மைனஸ். இப்போது வருவதில் பெரும்பாலும் இப்படித்தான். ஸ்பெக்ட்ரமுக்கு நேர் எதிர், உள்ளே மைனஸ், வெளியே பிளஸ். இத்தனை வருஷமாகப் பொடி எழுத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவன், அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டெபிட்டில் எழுத வேண்டியதைக் கிரெடிட்டிலும், கிரெடிட்டில் எழுத வேண்டியதை டெபிட்டிலும் எழுதிவிட்டால் ட்ரையல் பேலன்ஸ் அப்பவும் டேலி ஆகும். தொகை சரி, கூட்டல் சரி, பக்கம் மட்டும் தலைகீழ். கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டமான தப்பு அது.

"உங்க அண்ணனைக் கேட்க வேண்டியதுதானே?" என்றாள் தங்கமணி. அவளுக்கு எல்லாமே சுலபம்.

பெட்டியைத் திறந்து, போர்டை போட்டோ எடுத்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல் வாட்ஸப்பில் அனுப்பினேன். நான்கு நிமிஷத்தில் பதில்:

"எந்த அடாப்டர் போட்டே?"

நான்கு வருஷத்தில் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. உண்மையைச் சொன்னேன். போனே வந்துவிட்டது. நலமா, குழந்தைகள் எப்படி, எதுவும் கிடையாது. "மீட்டர் இருக்கா?" என்றான். சரியான அடாப்டரும் 300 ரூபாய் மீட்டரும் வாங்கி மறுநாள் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். இந்த மெஷினில் முதல் 16 கேபி மெமரி, 4116 என்கிற 8 சிப்பில் இருக்கிறது. டிவியில் தெரிகிற படமும் அங்கேதான். அந்தச் சிப்புகளுக்கு ஒரு வோல்டேஜ் போதாது. 5, 12, மைனஸ் 5 என்று மூன்று வேண்டும். வருவது 9 வோல்ட் ஒன்றுதான். அதிலிருந்து 12ஐயும் மைனஸ் 5ஐயும் உள்ளேயே ஒரு காயிலும் இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து செய்து கொடுக்கின்றன.

"ஏதாவது ஒரு 4116 எடுத்துக்கோ. பின் 9?"

"4.98."

"நல்லது. பின் 1? அங்க மைனஸ் 5 வரணும்."

"சைபர்."

"டேய், புடுங்குடா! முதல்ல பிளக்கைப் புடுங்கு!"

பிடுங்கினேன். மைனஸ் 5 இல்லாமல் மற்ற இரண்டும் போய்க்கொண்டிருந்தால் அந்தச் சிப்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகுமாம். அவன் அப்படிக் கத்தியதும் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. சின்ன வயசில் பிளக் பாயிண்டில் விரலை வைக்கப் போனபோதும் இதே மாதிரிதான் கத்தினான்.

போயிருந்தது டிஆர்4 என்கிற டிரான்சிஸ்டர், இசட்டிஎக்ஸ் 650. மதன் ஸ்ட்ரீட் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. அண்ணன் ஸ்பீட் போஸ்டில் 651 நான்கு அனுப்பினான். அது இதற்குப் பதிலாகச் சரியாக உட்காரும். மூணு கால் பூச்சி. 'சொதப்பினா ஸ்பேர் இருக்கட்டும்' என்று துண்டுச் சீட்டு. என்னை நன்றாகத் தெரிந்தவன். ஒன்றைச் சொதப்பினேன். இரண்டாவதைத் தாதாவிடம் கொடுத்துப் பற்றவைத்தேன்.

பின் 1ல் மைனஸ் 5. பின் 8ல் 12. டிவி சானலைத் தேட விட்டால், சாம்பல் திரைக்கு அடியில் ஒரு வரி: © 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட். எட்டு சிப்பும் பிழைத்திருந்தன. பொண்ணுகூடக் கை தட்டினாள்.

அப்புறம் கேசட். லோட் கொடுத்தால் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் கோடு கோடாக ஓட வேண்டும், பிறகு நீலமும் மஞ்சளும். ஓடியது. பாதியில் நின்று 'ஆர் டேப் லோடிங் எரர்'. திரும்பத் திரும்ப அதே. போனில் அண்ணன், "ஹெட் சாஞ்சிருக்கும். பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கு பாரு. கால் சுத்துக்கு மேல திருப்பாதே. சத்தம் எப்ப கூர்மையாகுதோ, அங்க நிறுத்து. போனை ஸ்பீக்கர்கிட்ட வை, நான் கேட்கறேன்" என்றான்.

கொல்கத்தாவில் டேப் கீச்சிட, கோயமுத்தூரில் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம்... போதும், திரும்பி வா..." நடுவில் நான், "அண்ணா, அந்த ஸ்டேட்மென்ட்ல நான் எழுதினது தப்பு. பக்கம் மாத்தி எழுதிட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் டேப் மட்டும் ஓடியது.

"முதல்ல ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடை. ஞாயித்துக்கிழமை கூப்பிடு, மறுபடி பார்ப்போம்" என்றான்.

கேசட் இன்னும் ஏறவில்லை. மூணு ஞாயிறு ஆகிவிட்டது. நான்காவது ஞாயிறு, கழித்த தொகையை அவன் கணக்குக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன். திட்டுவான். திட்டட்டும்.

பி.கு: பரணில் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. பிளக் பொருந்துகிறதே என்று சொருகிவிடாதீர்கள். அடாப்டரின் அடியில் இருக்கிற அந்தக் குட்டிப் படத்தையும், மெஷினுக்கு எது வேண்டும் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் :-)