கதவோரத்து ரப்பர்

1988-ஆம் ஆண்டு திசம்பர் மழையில் என் பழைய காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பின்னிருக்கையில் வைத்திருந்த மாணவர் கட்டுரை ஏடுகள் ஊறிக் கிடந்தன. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை தட்டையாகி, மூலைகளில் வெடித்திருந்தது. புதியது வாங்க அம்மாதம் கையில் பணமில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அழுக்கைத் துடைக்கத் தொடங்கினேன்.

“ரப்பர்கிட்ட எண்ணெயைக் கொண்டுபோகாதேப்பா, ஊதிப்போகும்” என்றார் அப்பா.

ஜொகூர்க் கித்தாக்காட்டில் இருபது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர். பூமலை என்று நம்மவர் அழைத்த தாவரவியல் பூங்காவிற்கு 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் வந்ததையும், 1888-இல் அங்குப் பொறுப்பேற்ற ரிட்லி என்பார் பட்டையை மீன்முள் வடிவில் சீவி மரம் சாகாமல் பால் எடுக்க வழிகண்டதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த உளியைப் பிடித்த கை என் வீட்டிலேயே இருந்தது. அதனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அன்று கேட்டேன். சவர்க்கார நீரில் பட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தச் சொன்னார். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் (அது 2017-இல் மூடப்பட்டது) மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை வாங்கிவந்து, தட்டையாகிப் போன பட்டையின் உட்புழைக்குள் மெல்ல நுழைத்தார். பட்டை மீண்டும் உருண்டு எழுந்தது. வெடிப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, சைக்கிள் கடைப் பசையை இருபுறமும் மெல்லியதாகத் தடவினார். உடனே ஒட்ட விடவில்லை. பசை உலர்ந்து விரலில் இழுபடும் பதம் வரும்வரை இருவரும் படிக்கட்டில் அமர்ந்திருந்தோம். ஒட்டியபின் முகப்பவுடரைப் பூசினார், கதவோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க.

மூலைகள் மட்டும் வெடிப்பது ஏன் என்று பின்னர் நூல்களில் படித்தேன். காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு வளைந்திருக்கும் ரப்பரையே தேடித் தாக்குமாம். இன்றைய மாணவர்க்கு இது வியப்பாயிருக்கலாம். 1990-இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தபின், ரப்பர் கிழமாகுமுன் கார் போய்விடுகிறதே!

வெற்றிக் களிப்பில் நான் முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தேன். பிரேக் குழாயின் மேலும் அதே மயிரிழை வெடிப்புகள். பசை மிச்சமிருந்தது. எடுத்தேன்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். என்னை அவர் அப்படித் தடுத்தது, பள்ளி வயதிற்குப்பின் அதுவே முதல் முறை.

“மரம் சீவும்போது பட்டையோட நிக்கணும். ஒரு நூல் ஆழம் போனா மரத்துக்குப் புண்ணு. இது அந்த இடம். கதவு ஒழுகினா ஏடு நனையும். இது ஒழுகினா நீ வீடு வரமாட்டே.”

கார் மூன்று நாள் அசையாமல் நின்றது. பேருந்தில் பள்ளிக்குச் சென்றேன். கடன் வாங்கி, ஜாலான் புசாரில் ஒரு பாகக் கடையில் புதுக்குழாய் வாங்கி, பட்டறைக்காரரிடம் கொடுத்து மாற்றினேன்.

பழைய குழாயை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிரவு சமையலறைக் கத்தியால் அதை நீளவாக்கில் பிளந்து என் முன் வைத்தார். மேலே மயிரிழை போல் தெரிந்த வெடிப்பு, உள்ளே நெய்திருந்த நூல்வரை இறங்கியிருந்தது. நூல் கறுத்து, நகம் பட்டதும் உதிர்ந்தது.