எழுதாமல் விட்டது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் பேருந்துகள் மேல்பட்டாம்பாக்கத்தில் ஆட்களை இறக்கிவிட்டுச் சேற்றை வாரியடித்தபடி நகர்கின்றன. சாலையோர மளிகைக் கடையின் சாய்ப்புக்குக் கீழே ஒரு பெஞ்சு. மழைக்கு ஒதுங்கியவன் மழை விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னின் மேல் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நீள நோட்டு, பக்கத்தில் கால்குலேட்டர், காதோரத்தில் செருகிய சிவப்புப் பேனா. கடலூரில் பி.காம். முதலாம் ஆண்டு. பட்டம் சிதம்பரத்திலிருந்து, 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள் என்பது, கடைக்காரரான அவள் அப்பா அடிக்கடி அந்த நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதிலேயே தெரிகிறது.

பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு ஒத்துப்போகவில்லை. பற்றுப் பக்கம் 2,46,350. வரவுப் பக்கம் 2,45,810. நடுவில் 540 ரூபாய் நிற்கிறது.

தோழிக்குப் போன் போடுகிறாள். மறுமுனைக் குரல் பெஞ்சு வரை கேட்கிறது: "அனாமத்துல தூக்கிப் போட்டுட்டுத் தூங்குடி!"

அதற்கு வழி உண்டுதான். ஒத்துப்போகாத தொகையைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் நிறுத்திவைக்கலாம் என்று பாடமே சொல்கிறது. பிழை கிடைத்ததும் எடுத்துவிட வேண்டும். ஆனால் இவளுக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் 540-ஐப் பாதியாக்குகிறாள். 270 ரூபாய் எங்காவது பக்கம் மாறி உட்கார்ந்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகும். பேரேட்டைப் புரட்டுகிறாள். 270 எங்குமில்லை. பிறகு ஒன்பதால் வகுக்கிறாள். மீதியில்லாமல் 60 வருகிறது. முகம் மாறுகிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், ஏதோ ஓர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. விரல் ஒவ்வொரு வரியாக இறங்குகிறது. கூலிக் கணக்கில் நிற்கிறது. குறிப்பேட்டில் 1,390, இருப்பாய்வில் 1,930.

"கெடச்சிருச்சுப்பா!"

பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்கிறார். "எவ்ளோம்மா?"

"காசு இல்லப்பா. தப்பு."

தப்பு கிடைத்ததற்கா இவ்வளவு சந்தோஷம் என்று அவர் பார்க்கிறார். பார்த்தாலும், கைவேலையை விட்டுவிட்டு நோட்டுப் பக்கம் வருகிறார். ரொக்கக் கணக்கைப் பார்த்தவுடன் அவருக்கு ஒரு சந்தேகம்.

"கைக்கு வந்த பணத்தப் போயி பற்றுப் பக்கத்துல எழுதி வச்சிருக்க?"

"கல்லாவ ஒரு ஆளா நெனச்சுக்கங்க. கரும்புக்காரரு பத்து கிலோ அரிசி வாங்கினா அவரு பேருக்குக் கீழ பற்று எழுதுறீங்கல்ல? அதே மாதிரிதான். பணத்த வாங்கிக்கிட்டது கல்லா. அதனால கல்லா கணக்குல பற்று."

அவர் யோசிக்கிறார். அவரிடம் ஓரம் மடங்கிய கடன் நோட்டு இருக்கிறது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கி, வெட்டு உத்தரவு வந்து, கரும்பு போய்ச் சேர்ந்து, பணம் கைக்கு வரும்வரை ஊரில் பல வீடுகளின் அரிசியும் பருப்பும் அந்த நோட்டிலிருந்துதான் போகின்றன. ஆளுக்கொரு பக்கம், எடுத்தது ஒரு வரிசையில், கொடுத்தது ஒரு வரிசையில். பேரேடு என்று சொல்லாமலே பேரேடு எழுதிப் பழகிய கை அது.

"அப்படின்னா பேங்க் பாஸ்புக்குல நான் போட்ட பணம் கிரெடிட்டுன்னு வருதே?"

"அது பேங்க்கோட நோட்டுப்பா. அந்த நோட்டுல நீங்கதான் குடுத்தவரு. குடுத்தவரு கணக்குல வரவு."

"ஓ... அவன் பக்கத்துலேர்ந்து எழுதுறானா?"

"ஆமாம்."

வகுப்பில் பல நாள் எடுக்கும் இடம் இது. ஒரு நடவடிக்கைக்கு இரண்டு முகம். ஒருவர் கொடுத்தால் இன்னொருவர் பெற்றாக வேண்டும். லூக்கா பாசியோலி என்ற இத்தாலியத் துறவி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலின் ஒரு பகுதியில் வணிகர்களுக்கு இதை விளக்கினார். முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்திச் சொன்னார். நம் பக்கத்திலும் நகரத்தார் பர்மா, மலேயா வரை கடை வைத்து, பேரேடு எழுதி, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு எடுத்து ஊருக்கு அனுப்பியவர்கள். இந்த மளிகைக்காரருக்கு இந்த வரலாறு எதுவும் தேவைப்படவில்லை. கடன் நோட்டு அவரைப் பாதி வழி கொண்டுவந்து விட்டிருந்தது. மீதி வழிக்கு மகள் கை கொடுத்தாள்.

அப்பா சட்டென்று உள்ளே போகிறார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் டைப் அடித்த ஒரு தாள். கீழே அவருடைய கையெழுத்து.

"லோனுக்குப் போனப்ப ஒருத்தரு எழுதிக் குடுத்தது. கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். இத மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டு."

இருப்புநிலைக் குறிப்பு. இடப்பக்கம் பொறுப்புகள், வலப்பக்கம் சொத்துகள். இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகையும் 4,12,500. ஒரு பைசா பிசகில்லை.

முதல் வரியிலேயே அவர் நிறுத்துகிறார். "முதல் ரெண்டரை லட்சம்னு போட்டிருக்கு. அது என் பணம்மா. அத எதுக்குக் கடன்காரங்க பக்கத்துல எழுதியிருக்காங்க?"

கணக்குப்பதிவியல் படிக்க வரும் எல்லோரும் முட்டி நிற்கும் இடம் இது. புத்தகத்தில் ஒரு வரியில் வரும்: தொழில் வேறு, உரிமையாளர் வேறு. மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். புரிய வைப்பதற்கு அவள் கொஞ்சம் தடுமாறுகிறாள்.

"கடை தனி ஆளு, நீங்க தனி ஆளுன்னு வச்சுக்கணும்ப்பா. நீங்க கடைக்கு ரெண்டரை லட்சம் குடுத்திருக்கீங்க. அத என்னிக்காவது கடை உங்களுக்குத் திருப்பித் தரணும். அதனால அது கடையோட பொறுப்பு."

"கடை எனக்குக் கடன்பட்டிருக்குதுங்கிற."

"ஆமாம். லாபம் வந்தா இன்னும் அதிகமா கடன்படுது. நீங்க எடுத்தா கடன் கொறையுது."

பொறுப்புகளில் அடுத்த வரிகள் அதைத்தான் சொல்கின்றன. கூட்டு: நிகர லாபம் 1,44,000. கழி: எடுப்புகள் 24,000.

"எடுப்புன்னா?"

"வீட்டுச் செலவுக்குக் கடையிலேர்ந்து எடுத்தது. மாசம் ரெண்டாயிரம்தான் எடுத்தீங்களாம்."

இதுவரை குரலை மட்டுமே காதில் வாங்கிக்கொண்டு புளி நிறுத்துக்கொண்டிருந்த அம்மா தராசை விட்டு நிமிர்கிறார். "ரெண்டாயிரத்துல யாரு வீட்ட ஓட்டுனாங்களாம்?"

அந்தத் தாளின் ஓரத்திலேயே அவள் எழுதத் தொடங்குகிறாள். அம்மா சொல்லச் சொல்ல எண்கள் இறங்குகின்றன. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்த்து மாதம் 4,500, வருஷத்துக்கு 54,000. கல்லாவிலிருந்து பாலுக்கும் கேஸுக்கும் கரண்டுக்கும் மாதம் 2,500, வருஷத்துக்கு 30,000. படிப்புக்கும் பஸ்ஸுக்கும் 20,000. தீபாவளி, பொங்கல் துணிமணி 15,000. உறவு முறையில் வைத்த மொய் 18,000.

"அரிசிய வாங்குன வெலையில போடறதா, விக்கிற வெலையிலயா?" அப்பா கேட்கிறார்.

"வாங்குன வெலைதான்ப்பா. நம்மகிட்டயே நாம லாபம் வைக்க முடியாதுல்ல."

கூட்டினால் 1,37,000.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வருஷம் முழுக்க விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவு திறந்தும் ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அந்தக் கடைக்காரரின் பல நாள் புலம்பலாக இருந்திருக்க வேண்டும். "கடை ஓடலன்னுதானே நெனச்சேன்" என்று அவர் சொன்ன விதம் அப்படி இருந்தது. கடை ஓடித்தான் இருக்கிறது. அது சம்பாதித்ததில் ஒரு குடும்பம் சாப்பிட்டு, உடுத்தி, ஒரு பெண் கல்லூரிக்கும் போகிறாள். எடுத்ததை எழுதாததால் சம்பாதித்ததும் கண்ணில் படவில்லை.

சொத்துகள் பக்கம் இன்னும் மோசம். சரக்கிருப்பு 2,80,000 என்கிறது தாள். அப்பா அலமாரிகளைத் திரும்பிப் பார்க்கிறார். "நம்ம கடையில எந்தக் காலத்துல இவ்ளோ சரக்கு இருந்துது?" ஃப்ரிட்ஜ் 30,000 என்றிருக்கிறது. வாங்கிய விலை அது. வாங்கிச் சில வருஷம் ஓடிவிட்டது, தேய்மானம் ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. கடனாளிகள் 60,000. அதில் வாராக்கடன் எவ்வளவு என்று அவரைக் கேட்டால் பெயர் பெயராகச் சொல்லியிருப்பார், யாரும் கேட்டதில்லை. மிச்சமிருந்த 42,500-ஐ ரொக்கம் என்று நிரப்பி இரண்டு பக்கமும் சமமாக்கியாயிற்று. எதிர்ப்பக்கத்தில் மொத்த வியாபாரிகளுக்குத் தரவேண்டியது என்று எழுதியிருப்பதும் அதே 42,500.

"மேனேஜரு சரக்கப் பத்தி ஒரு கேள்வி கேட்டாரு" என்கிறார் அப்பா. "முழிச்சேன். கேட்டதுல பாதிதான் குடுத்தாங்க."

இரண்டு தாள்களும் அவள் மடியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவள் எழுதிய இருப்பாய்வு 540 ரூபாய்க்காக அரை மணி நேரம் அவளைப் படுத்தியது. இந்தத் தாளோ முதல் பார்வையிலேயே கச்சிதமாக ஒத்துப்போயிற்று. இருப்பாய்வின் வரம்புகள் என்று பாடத்தில் ஒரு பகுதி உண்டு. ஒரு நடவடிக்கையை முழுவதுமாக எழுதாமல் விட்டுவிட்டால் வித்தியாசம் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு பாதிக்கப்படும், கணக்கு ஒத்தே நிற்கும். ஐந்து மதிப்பெண் வினாவுக்காகப் படித்த அந்த வரிக்கு அன்று சாயங்காலம் ஓர் உருவம் கிடைத்திருந்தது. தப்பாக எழுதியது பெரும்பாலும் ஒரு நாள் காட்டிக்கொடுத்துவிடும். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்க எந்தச் சூத்திரமும் இல்லை; எடுத்தவரே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

கணக்குப்பதிவியலின் அடிப்படை என்று நான் நம்புவது இதைத்தான். வேலைக்காகப் பிள்ளைகள் டேலி என்னும் கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும், கடலூரில் அதற்கு வகுப்புகள் இருக்கின்றன. கணினி ஒரு நொடியில் கூட்டிக் கொடுத்துவிடும். ஆனால் வீட்டுக்குப் போன நாலு கிலோ அரிசியை அதனால் பார்க்க முடியாது. பாசியோலியும் வணிகனை முதலில் உட்கார்ந்து தன்னிடம் இருப்பதையெல்லாம் பட்டியல் போடத்தான் சொன்னார். அவர் காட்டிய மாதிரிப் பட்டியலில் வீடும் நகையும் துணிமணியும் வியாபாரச் சரக்கோடு சேர்ந்தே இருந்தன. கடையையும் கடைக்காரரையும் தெளிவாகப் பிரித்து எழுதும் பழக்கம் பின்னாளில்தான் உறுதிப்பட்டது. அந்தப் பிரிவினையைத்தான் இந்த மூன்று பேரும் இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள்.

அலமாரியிலிருந்து புது நோட்டு ஒன்றை அப்பா எடுக்கிறார். விற்பனைக்கு வைத்திருந்தது.

"இதுவும் எடுப்பாம்மா?"

"இல்லப்பா. இது கடைக் கணக்கு எழுத. கடைச் செலவு. எழுதுபொருள்."

முதல் பக்கத்தில் 'எடுப்புகள்' என்று எழுதி அடிக்கோடு போடுகிறாள். தேதி, விவரம், தொகை என்று மூன்று கட்டம். அம்மா ராத்திரிச் சமையலுக்கு அரை லிட்டர் எண்ணெய் பாக்கெட்டைக் கையில் எடுத்தவர், அதோடு நோட்டுப் பக்கம் வந்து நிற்கிறார். "எழுதிக்கோ." பிறகு ஒரு கேள்வி: "மத்தியானத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும் கடையில நிக்கறேனே, அது எந்தப் பக்கத்துல வரும்?"

மகள் அப்பாவைப் பார்க்கிறாள். "சம்பளம்னு குடுத்தாத்தான் எழுத முடியும்மா. பணத்துல அளக்க முடிஞ்சதத்தான் கணக்கு எடுத்துக்கும்."

"அப்ப குடுத்துட்டு எழுதலாம்" என்கிறார் அப்பா. அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. "எவ்ளோன்னு ராத்திரி பேசிக்கலாம்" என்று எண்ணெயோடு உள்ளே போகிறார்.

அடுத்த பேச்சு சரக்கு எண்ணுவதைப் பற்றி. மார்ச் 31 ராத்திரி கடையைப் பூட்டியதும் மூட்டை, டின், பாக்கெட் என்று ஒன்று விடாமல் எண்ணி, வாங்கிய விலைக்குக் கணக்கிட வேண்டும். விலை சரிந்த சரக்கைச் சரிந்த விலைக்கே எடுக்க வேண்டும் என்கிறாள் மகள். அன்று இருக்கும் சரக்கு, கையிலிருக்கும் ரொக்கம், வரவேண்டிய கரும்புக்காரர் பாக்கி, மொத்த வியாபாரிக்குத் தரவேண்டியது. இந்த நாலும் உண்மையாக இருந்தால் போதும், மற்றதைத் தானே எழுதிவிடுவதாகச் சொல்கிறாள். அப்பா காலண்டரில் அந்தத் தேதி இல்லாததால், புது நோட்டின் அட்டையிலேயே குறித்துவைக்கிறார்.

இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் அவள் பருவத்தேர்வை எழுதி முடித்திருப்பாள். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது அவர் கொண்டுபோகும் தாளில் கூட்டுத்தொகை சின்னதாக இருக்கலாம், கடன்கூடக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அதில் எந்த எண்ணின் மேல் விரல் வைத்துக் கேட்டாலும், அது எப்படி வந்தது என்று அவரே பதில் சொல்வார்.